இதழ்களுக்கு நீ கொடுத்த இடம் போதாது

அன்புள்ள யாழினிக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய ஆய்வேட்டின் முதல் இயலைப் படித்தேன். துருக்கி, அரபு, பாரசீக மொழிகளில் உருவான நவீன இலக்கியத்தைப் பத்திரிகைகள் வாசகரிடம் பரப்பின என்ற அளவில் நிறுத்தியிருக்கிறாய். எழுதும் முறையையே மாற்றிய பங்கும் அவற்றுக்கு உண்டு என்பது என் எண்ணம்.

1860இல் ஆகா எஃபெந்தியும் ஷினாசியும் இஸ்தான்புல்லில் ‘தெர்ஜுமானி அஹ்வால்’ செய்தித்தாளைத் தொடங்கியபோது, பொதுமக்கள் எளிதில் புரிந்துகொள்ளும் நடையில் எழுதுவோம் என்று ஷினாசி முன்னுரையிலேயே அறிவித்தார்; தம் ‘கவிஞரின் திருமணம்’ நாடகத்தையும் அதே இதழில் தொடராக வெளியிட்டார். ஆனால் ‘செர்வெத்தி ஃபுனூன்’ இதழைச் சார்ந்த எழுத்தாளர் குழுவினர் 1896க்குப் பின் மறுபடி அருஞ்சொற்களை நாடிச் சென்றார்கள். எளிமை ஒரே சீராக வளர்ந்தது என்று எழுதிவிடாதே.

கெய்ரோவில் இப்ராஹிம் அல்முவைலிஹி 1898இல் ‘மிஸ்பாஹ் அஷ்ஷர்க்’ என்ற வார இதழைத் தொடங்க, அவர் மகன் முகம்மது அதில் ஒரு தொடர் எழுதினார். அந்தக் கதையில், முன்பு எகிப்தை ஆண்ட முகம்மது அலியின் காலத்துப் போர் அமைச்சர் ஒருவர் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறார். கழுதைக்காரனோடு சண்டையிட்டு, போலீஸ், வழக்கறிஞர், நீதிமன்றம் என்று அலைகிறார். கதைசொல்லி ஈசா இப்னு ஹிஷாமின் பெயர் பத்தாம் நூற்றாண்டின் மகாமாத் என்னும் எதுகை உரைநடைக் கதைகளிலிருந்து வந்தது. அந்தப் பழைய எதுகை நடையும் உடன் வந்தது. கேலிக்கு ஆளானதோ அன்றைய கெய்ரோ. 1907இல் நூலாக்கும்போது அன்றாட அரசியலை ஒட்டிய பல பகுதிகளை ஆசிரியரே நீக்கிவிட்டார். நூலை மட்டும் படித்து முடிவுக்கு வருபவர், வாரந்தோறும் நடப்புச் செய்திக்குப் பதில் சொல்லிக்கொண்டே அந்த உரைநடை வளர்ந்ததைக் காணமாட்டார். ஆகவே இதழ்வடிவத்தையும் தேடிப் படி.

பாரசீகத்தைப் பற்றி நீ ஒரே பத்தியில் முடித்தது எனக்கு மனக்குறை. 1907இல் தெஹ்ரானில் வெளிவந்த ‘சூரே எஸ்ராஃபில்’ இதழில் தெஹ்கோதா, ‘தகோ’ என்ற புனைபெயரில், தெருவில் பேசும் பேச்சையும் பழமொழியையும் கலந்து ‘சரந்து பரந்து’ (உளறல்) என்ற நையாண்டிப் பத்தித் தொடரை எழுதினார். அரசவை நடையில் பழகிய மொழிக்கு அது துணிச்சலான காரியம். 1908இல் ஈரான் மன்னரான ஷாவின் படையினர் நாடாளுமன்றத்தைத் தாக்கியபின் இதழை நடத்திவந்த மிர்சா ஜஹாங்கீர் கானைக் கொன்றார்கள். நாடுகடந்த தெஹ்கோதா சுவிட்சர்லாந்தின் இவெர்தோனிலிருந்து இதழை மறுபடி கொண்டுவந்து, நண்பருக்கான இரங்கற்பாவை அதிலேயே வெளியிட்டார். 1921இல் பாரசீக எழுத்தாளர் ஜமால்சாதேயின் முதல் சிறுகதை வந்ததும் பெர்லினிலிருந்து வெளியான ‘காவே’ இதழில்தான். தணிக்கைக்கு எட்டாத ஊர்களில் அச்சான இத்தகைய இதழ்களுக்குத் தனி இயலே ஒதுக்கலாம். கல்கத்தாவில் வெளிவந்த ‘ஹப்லுல் மதீன்’ என்ற பாரசீக இதழை அதில் விட்டுவிடாதே.

திருத்திய படியை நெறியாளரிடம் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா