ஆறு சுற்று போதாது, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று இரவு போனில் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். "புது ரிம்முக்கு ஸ்பேசர் வைத்து மாட்டிவிட்டேன் அம்மா, நட்டு ஆறு சுற்றிலேயே இறுகிவிட்டது" என்றாய். ரிம்முக்கும் அது உட்காரும் ஹப்புக்கும் நடுவில் ஒரு தகட்டைச் செருகியிருக்கிறாய் என்று கேட்ட பிறகு பாப்பாவின் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீ சொன்னது எதுவும் என் மனதில் ஏறவில்லை. திரும்பக் கூப்பிட்டால் "சரி அம்மா, பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் விடியற்காலையில் கடை திறப்பதற்கு முன் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் ஸ்விஃப்ட் காரின் ஸ்டட், அதாவது ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டு நட்டு ஏறுகிற திருகுக்கம்பி, 12 மி.மீ. தடிமன். மரை இடைவெளி 1.25 மி.மீ. நட்டு ஒரு சுற்றுக்கு அவ்வளவுதான் உள்ளே போகும். ஸ்டட் எத்தனை தடிமனோ அத்தனை நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும் என்பது உன் அப்பா கடையில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம். 12 மி.மீ. பிடிக்க ஏறக்குறையப் பத்துச் சுற்று வேண்டும். நீ 5 மி.மீ. தகட்டை நடுவில் வைத்ததும் நான்கு சுற்று அங்கேயே போய்விட்டது. மீதி ஆறு, அதாவது ஏழரை மில்லிமீட்டர். அந்த ஏழரை மில்லிமீட்டரை நம்பிப் பொங்கலுக்குப் பாப்பாவை உட்காரவைத்துக்கொண்டு புனேயிலிருந்து நாமக்கல் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வரப் போகிறாயா?

வண்டியின் எடையை ஸ்டட் தாங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நட்டு இறுகும்போது ஸ்டட் இழுபட்டு, ரிம்மை ஹப்பின் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடிப்பில் உண்டாகும் உராய்வுதான் சுமையை வாங்குகிறது. பிடி கொஞ்சம் தளர்ந்தால் ரிம் நூலளவு நகரும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் வளைந்து நிமிரும். ஆயிரக்கணக்கான முறை வளைந்த பிறகு ஒரு நாள் முறியும்.

இரண்டு வருடத்துக்கு முன் நம் கடைக்கு இப்படி ஒரு கார் வந்தது. ஒரு சக்கரத்தில் இரண்டு ஸ்பேசரை அடுக்கி வைத்திருந்தார்கள். நான்கு ஸ்டட்டில் இரண்டு போய்விட்டன, மூன்றாவது ஆடிக்கொண்டிருந்தது. முறிந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முகத்தின் பெரும்பகுதி மழமழவென்று வரிவரியாக இருந்தது, ஓரத்தில் மட்டும் கரடுமுரடு. மழமழப்பெல்லாம் விரிசல் நாள்கணக்கில் மெல்ல நகர்ந்த தடம். கரடுமுரடு கடைசி நொடி. அந்தப் பையனுக்கு உன் வயதுதான் இருக்கும். வண்டி லேசாக அதிர்ந்தது, பேலன்சிங் சரியில்லை என்று நினைத்து ஓட்டினேன் என்றான்.

உன் வண்டியும் 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றாயே, அதற்கும் காரணம் அந்தத் தகடாகத்தான் இருக்க வேண்டும். ஸ்விஃப்டின் ஹப் நடுவில் 54.1 மி.மீ. விட்டம். நீ வாங்கிய ரிம்மின் நடுத்துளை 73.1. இடைவெளியை நிரப்ப வளையம் போட்டிருப்பதாகச் சொன்னாய், நல்லது. ஆனால் அந்த வளையம் ஹப்பின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பில் உட்கார வேண்டும். ஸ்பேசர் அந்த விளிம்பில் 5 மி.மீ.யை விழுங்கிவிட்டது. போதாததற்கு உன்னுடையது எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற பல துளைத் தகடு. எல்லா ஹப்புக்கும் என்று பெரிய துளை போட்டது எந்த ஹப்பையும் இறுக்கமாகப் பிடிக்காது.

ஸ்பேசரே கூடாது என்று நான் சொல்லவில்லை. ரிம்மின் உள்விளிம்பு ஸ்ட்ரட்டை, அதாவது சக்கரத்துக்கு உள்பக்கம் நிற்கும் ஷாக் அப்சார்பரை, உரசுவதால்தான் வைத்தாய் என்பது புரிகிறது. பழைய ரிம் 5.5 ஜே, அதாவது ஐந்தரை அங்குல அகலம். ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும் தூரம், 45 மி.மீ. புதியது 7 ஜே, ஆஃப்செட் 40. அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டை உள்பக்கத்துக்குக் கூட்டியும் வெளிப்பக்கத்துக்குக் கழித்தும் பார்த்தால் புதிய ரிம் உள்பக்கம் 14 மி.மீ. கூடுதலாகப் போகிறது, வெளிப்பக்கம் 24 மி.மீ. கூடுதலாக வருகிறது. 5 மி.மீ. தகடு வைத்தால் உள்ளே 9, வெளியே 29. இதே 7 ஜே ரிம்மை ஆஃப்செட் 35-இல் வாங்கியிருந்தால் எந்தத் தகடும் இல்லாமல் சரியாக இதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கண்ணு, அம்மா இத்தனை வருடமாக வேறென்ன வேலை செய்கிறேன்?

தனி ஸ்டட் வைத்த தடித்த ஸ்பேசர் பாதுகாப்பானது என்று நண்பர் சொன்னாராம். மரையைப் பொறுத்தவரை உண்மைதான். ஹப்போடு ஒரு முறை, ரிம்மோடு ஒரு முறை என்று தனித்தனியாக இறுகும். ஆனால் 20 மி.மீ. போட்டால் உன் சக்கரத்தின் வெளிவிளிம்பு பழைய இடத்திலிருந்து 44 மி.மீ. வெளியே நிற்கும். நான்கு பேரும் பெட்டியும் ஏறினால் டயர் மட்கார்டில் தேயும், பேரிங்குக்கும் சுமை கூடும். உன் வண்டிக்கு அது வேண்டாம்.

கடைக்காரர் ரிம்மை மாற்றித் தந்தால் ஆஃப்செட் 35 வாங்கிக்கொள். மாற்ற மறுத்தால் ரிம்களைப் பின்னால் போட்டு எடுத்து வா. நீளமான ஸ்டட்டும், ஹப்பில் கச்சிதமாக உட்காரும் விளிம்பு வைத்த ஸ்பேசரும் நானே பார்த்துப் போட்டுத் தருகிறேன். பிரஸ் வைத்து ஸ்டட் மாற்றுவது இங்கே ஒரு மதிய வேலை. ஊருக்கு வரும்போது பழைய ரிம்மில்தான் வர வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே பிரேக்கை மிதித்து மிதித்து வருகிற பாதை உனக்குத் தெரியும்.

பழைய ரிம்மை மாட்டும்போது ஹப்பின் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடு. நட்டுகளை முதலில் கையால் ஏற்று, பிறகு எதிரெதிராக இறுக்கு. காற்று கன்னால் அடித்துவிட்டு முடிந்தது என்று விடாதே. வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வைத்து முடி. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை பார். பழைய நட்டுகளைத்தான் போட வேண்டும். புது ரிம்மோடு வந்த நட்டின் உட்காரும் முகம் வேறாக இருக்கலாம்.

இன்னொன்று, மருமகளிடமும் சொல்லிவை. ரிம் மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். ஏதாவது நடந்த பிறகு அந்தக் கேள்வி வரக் கூடாது.

இந்தக் கடிதம் வந்த அன்றே, ஆபீசுக்குப் புறப்படும் முன், பழைய ரிம்மை மாட்டி எத்தனை சுற்றில் இறுகுகிறது என்று எண்ணிப் பார்த்துச் சொல். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஏழு மணிக்கே கடையில் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா