ஒரு கண்ணால் பார்த்த பேய்ப்படங்கள்

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் வந்த அன்றுதான் வலது கண்ணில் புரை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். மகள்தான் படித்துக் காட்டினாள். பேய்ப்படப் பட்டியல் வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இந்த வயசுல ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?" என்றாள். கிடக்கட்டும். உன் முட்டிவலி குறைந்ததில் நிம்மதி. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளாமே, இனி உனக்கு உட்கார நேரமிருக்காது.

சரி, சண்டைக்கு வருகிறேன். 'யாரும் கண்டுகொள்ளாத படங்கள்' என்று தலைப்புப் போட்டு, முதல் பெயராக 'தி இன்னசென்ட்ஸ்' எழுதியிருக்கிறாயே, நியாயமா? பேய்ப்படம் பற்றிப் பேச உட்காருகிற யாரும் பத்து நிமிடத்துக்குள் அந்தப் பெயருக்கு வந்துவிடுவார்கள். ஆனாலும் உன் புண்ணியத்தில் மறுபடி பார்த்தேன். ஒரு வாரம் திரைப்பக்கமே போகக்கூடாது என்றிருந்தார்கள்; எட்டாம் நாள் உட்கார்ந்துவிட்டேன்.

அதில் ஒரு வேடிக்கை. போன தடவை பார்த்தபோது திரையின் இரண்டு ஓரமும் இருண்டு தெரிந்தன. கண் போய்விட்டது என்று பயந்து மருத்துவரிடம் ஓடியதே அதற்கப்புறம்தான். இப்போது புதுக் கண், வெள்ளையெல்லாம் துவைத்துப் போட்டதுபோல் பளிச்சென்று இருக்கிறது, ஓரம் மட்டும் அதே இருட்டு! விசாரித்தால் அது ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் செய்த வேலை. 1961இல் வந்த படம், அகலத்திரை. அந்த அகலத்தைக் குறுக்குவதற்காக காமிரா லென்ஸுக்கு முன்னால் வைக்கும் ஃபில்டரின் ஓரங்களில் சாயம் பூசிவிட்டாராம். கதாநாயகி டெபோரா கெர் மெழுகுவர்த்தியோடு நடக்கும்போது நம் கண் அந்த ஓரங்களையே மேய்கிறது. ஆனால் பேய் வருவது பட்டப்பகலில். ஏரிக்கு அக்கரையில், நாணலுக்கு நடுவே, ஒருத்தி சும்மா நிற்கிறாள். அவ்வளவுதான்.

என் கட்சி என்னவென்றால், ஒரு படம் மறந்துபோக அது சுமாரான படமாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஓர் ஆலமரம் நின்றால் போதும். 1980ஐ எடுத்துக்கொள். அந்த வருடம் என்றதும் எல்லோருக்கும் 'தி ஷைனிங்'. அதற்குச் சில மாதம் முன்னால் பீட்டர் மெடாக் இயக்கி வந்த 'தி சேஞ்ச்லிங்' யார் நினைவில் இருக்கிறது? மனைவியையும் மகளையும் விபத்தில் பறிகொடுத்த இசையமைப்பாளர், ஒரு பெரிய பழைய வீட்டில் தனியாகக் குடியேறுகிறார். இறந்த குழந்தையின் பந்து மாடிப்படியில் தானாக உருண்டு வருகிறது. அவர் அதை எடுத்துக்கொண்டு காரில் போய்ப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசிவிட்டு வருகிறார். கதவைத் திறந்தால் அதே பந்து படிப்படியாகத் துள்ளி இறங்கி வருகிறது. ஈரமாக! அந்த ஈரத்துக்காகவே மெடாக்குக்கு ஒரு கும்பிடு போடலாம். பின்பாதியில் கதை துப்பறியும் பக்கம் போய்க் கொஞ்சம் இழுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

'பிளாக் கிறிஸ்துமஸ்' கதையும் இதுதான். கொலைகாரனின் கண்ணாகவே காமிராவை மாற்றி, 1974இலேயே அவனோடு நம்மையும் ஒரு வீட்டுக்குள் ஏற வைத்த படம். பெயர் வாங்கியது நாலு வருடம் கழித்து வந்த 'ஹாலோவீன்'. 'பீப்பிங் டாம்' படத்தையும் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நீ சொல்வது ஒருகாலத்தில் உண்மை. 1960இல் விமர்சகர்கள் அதன் இயக்குநர் மைக்கேல் பவலைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள், சில மாதத்தில் 'சைக்கோ' வந்து கொடிகட்டிப் பறந்தது. ஆனால் இயக்குநர் ஸ்கார்செசி போன்றவர்கள் தூக்கிப் பிடித்தபிறகு அதற்கு என்ன குறை? பட்டியலிலிருந்து எடுத்துவிடு.

அந்த இடத்தில் 'தி லெப்பர்ட் மேன்' போடு. 1943, மொத்தமே 66 நிமிடம். தயாரிப்பாளர் வால் லூட்டன், இயக்குநர் ஜாக் டூர்னர். இங்கே ஆலமரம் சொந்த அக்காதான்: அதே இருவரும் முந்தின வருடம் எடுத்த 'கேட் பீப்பிள்'. எல்லோரும் அக்காவைப் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஊரில் ஒரு சிறுத்தை தப்பித்துத் திரிகிறது. இருட்டிய பிறகு ஓர் அம்மா, பயந்து நடுங்கும் மகளைச் சோளமாவு வாங்கி வா என்று விரட்டிவிட்டுக் கதவைத் தாழிடுகிறாள். மாவில்லாமல் திரும்பக் கூடாது. நாம் அந்தப் பெண்ணோடு போய்த் திரும்புகிறோம். அப்புறம் காமிரா வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. வெளியே கதவைத் தட்டுகிறாள், கத்துகிறாள். அம்மா சாக்கு என்று நினைத்து மெத்தனமாக இருக்கிறாள். குரல் மாறியபிறகுதான் ஓடுகிறாள். தாழ்ப்பாள் இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. சத்தம் நிற்கிறது. கதவுக்கு அடியில் ரத்தம் கோடாக உள்ளே வருகிறது. சிறுத்தையை அந்த இடத்தில் நான் நினைக்கவேயில்லை, மாலதி. அந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு வேலையில்லையா என்று கேட்டவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். படம் முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

அடுத்த மாதம் இடது கண். அதற்குள் பார்த்துவிட்டு எழுது. இந்தத் தடவை நானே படித்துக்கொள்வேன்.

அன்புடன்,
கல்யாணி