முடக்கச் சொன்னவர் யார்? சமூக ஊடக நிறுவனங்களின் குறைதீர் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து அரசியல் நையாண்டிப் பக்கம் நடத்துபவர்களில் ஒருவன் நான். வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் நாற்காலி போட்டு அமர்ந்து, மழைநீர் வடிகால் பணிகள் முடிந்துவிட்டன என்று பேட்டி கொடுக்கும் அமைச்சர் ஒருவரை வரைந்து வெளியிட்டோம். பெயரும் இல்லை, கட்சிக் கொடியும் இல்லை. (கரைவேட்டி இருந்தது, அது எந்தக் கட்சியில்தான் இல்லை?) மறுநாள் அந்த இடத்தில், சட்டக் கோரிக்கையின் பேரில் இப்பதிவு இந்தியாவில் முடக்கப்பட்டுள்ளது என்ற ஒற்றை வரிதான் இருந்தது. கோரியவர் யார், எந்தச் சட்டப் பிரிவு என்று கேட்டு எழுதினால், தொடர்புகொண்டமைக்கு நன்றி என்று தானியங்கிப் பதில் வருகிறது.

நையாண்டிக்கு அடி விழுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1987-இல் அட்டைப்பட ஜோக் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கொடுமைதான், ஆனால் தண்டித்தது யார் என்பது ஊரறிய நடந்தது. அதனால்தான் அவரால் வழக்குத் தொடுக்க முடிந்தது. 1994-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2025 பிப்ரவரியில், பிரதமர் மோடியைக் கைவிலங்குடன் காட்டிய ஒரு கேலிச்சித்திரம் வெளியான பின் விகடன் இணையதளமே முடக்கப்பட்டபோதும், நீதிமன்றம் போய்த்தான் அதை மீட்க வேண்டியிருந்தது. அதுவும் அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையுடன். ஒரு பெரிய பத்திரிகையால் அது முடியும். கையில் உத்தரவின் நகல்கூட இல்லாத நாங்கள் எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

இணையப் பதிவுகளை முடக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தரும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவை 2015-இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று ஏற்றபோது, முடக்கத்துக்கான காரணங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும், அவற்றை நீதிமன்றத்தில் எதிர்க்க வழியிருக்கிறது, பதிவிட்டவர் அடையாளம் தெரிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்பவற்றைச் சுட்டிக்காட்டியே ஏற்றது. அந்தப் பிரிவுக்கான 2009-ஆம் ஆண்டு விதிகளின் 16-ஆவது விதி, முடக்கக் கோரிக்கைகளை இரகசியமாக வைக்கச் சொல்வதைக் காரணம் காட்டி அந்தப் பாதுகாப்பை நீங்கள் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறீர்கள். எங்கள் அலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களிடமே இருக்கும்போது, எங்களை அடையாளம் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கட்சிகளின் ஐடி விங் ஆட்கள் கூட்டமாக ரிப்போர்ட் அடித்துப் பதிவுகள் போவதும் உண்டு. அப்படி நீங்களாகவே நீக்கினால், காரணத்தை முன்கூட்டியே தெரிவித்து மறுப்புச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகள் பெரிய சமூக ஊடக நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. சொல்லாமல் கொள்ளாமல் ரீச்சைக் குறைப்பதை நிரூபிக்கவே எங்களால் முடியாது என்பதால் அதைப் பற்றி நீட்டவில்லை.

ஆகவே, முடக்கப்படும் ஒவ்வொரு நையாண்டிப் பதிவுக்கும் உத்தரவிட்ட துறை, சட்டப் பிரிவு, நாள் ஆகியவற்றைப் பதிவிட்டவருக்கு எழுத்தில் தாருங்கள். முடிவு உங்களுடையது என்றால் அதையும் சொல்லி, தமிழும் கேலியும் புரிந்த ஒருவரைக்கொண்டு மேல்முறையீட்டைப் பரிசீலியுங்கள். எங்கள் வடிகால் படத்துக்கான பதிலிலிருந்தே அதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நையாண்டிப் பக்கம் நடத்தும் சென்னைவாசி ஒருவன்