தோமா பெயரில் உன் ஆலயம்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெயர்ப்பலகையைப் படித்தேன். பரிசுத்த தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோப்பல் ஆலயம். எபிஸ்கோப்பல் என்றால் அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபை. சென்னையில் தோமையார் மலை என்கிற பரங்கிமலை அடிவாரத்தில் வளர்ந்தவள், பிலடெல்பியாவுக்குப் போயும் தோமாவிடமே வந்து சேர்ந்திருக்கிறாய்! பக்கத்தில் இருக்கிறதே என்று போனதாகவும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததாகவும் சொன்னாய். சரி, அந்த ஆலயம் எப்படி வந்தது என்று கேள்.

அதை நிறுவிய அப்சலோம் ஜோன்ஸ் 1746-ல் டெலாவேரில் அடிமையாகப் பிறந்தவர். பகலெல்லாம் எஜமானின் கடையில் வேலை, இரவில் தனக்கென்று வேலை. சேர்த்த பணத்தில் முதலில் மனைவியை மீட்டார். தாய் அடிமையாக இருந்தால் பிள்ளைகளும் அடிமைதான், அதனால். அவருக்கு விடுதலை கிடைத்தது 1784-ல்.

பிலடெல்பியாவில் செயின்ட் ஜார்ஜ் மெத்தடிஸ்ட் ஆலயத்தில் மேல்மாடம் கட்டக் கறுப்பர்களும் காசு கொடுத்தார்கள், உடலுழைப்பும் கொடுத்தார்கள். ஒரு ஞாயிறு, முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த ஜோன்ஸை வெள்ளைக்கார நிர்வாகிகள் பிடித்துத் தூக்கி, இங்கே இருக்கக் கூடாது என்றார்கள். ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்று கேட்டார். பொறுக்கவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பர்கள் எல்லாரும் சேர்ந்து எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

1793-ல் மஞ்சள் காய்ச்சல் வந்து ஊரே காலியானபோது, நோயாளிகளைப் பார்த்ததும் பிணங்களைப் புதைத்ததும் இந்த மக்கள்தான். அதற்கும் கிடைத்தது பழி: காசு பிடுங்கினார்களாம். ஜோன்ஸும் நண்பர் ரிச்சர்ட் ஆலனும் சவப்பெட்டிச் செலவுவரை கணக்கெழுதி அச்சிட்டார்கள். வாங்கியதைவிடச் செலவழித்ததே அதிகம். ஆலயக் கணக்கு எழுதியவன் என்பதால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

1794 ஜூலை 17-ல் அவர்களுக்கென்று சொந்தமாக இந்தத் தோமா ஆலயம் திறந்தது. ‘இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள்’ என்ற ஏசாயா வசனத்தை அதில் பொறித்தார்கள். எபிஸ்கோப்பல் சபையின் முதல் கறுப்பின குருவானவர் ஜோன்ஸ்தான். ஆனாலும் மறைமாவட்டப் பேரவையில் இந்தச் சபைக்கு இடம் கிடைக்க 1864 வரை ஆனது.

தோமாவைச் சந்தேகக்காரர் என்றே நம் பிரசங்கிமார் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைப் பார்க்க வேண்டும் என்றார், பார்த்ததும் ‘என் ஆண்டவரே, என் தேவனே’ என்றார். கி.பி. 72-ல் நம் மலையில் ஈட்டி குத்தி இறந்தார் என்பது பாரம்பரியம். காயம் பட்ட ஜனங்களுக்கு இவரைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

அடுத்த ஞாயிறு கொஞ்சம் முன்னால் போய் உட்கார். அப்புறம், டிசம்பர் 21 அங்கே தோமா திருநாள். ஆராதனை முடிந்ததும் போன் பண்ணு. இங்கே ராத்திரி ஆகிவிட்டதே என்று தயங்காதே, முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா