பதினேழு வயது என்னும் சராசரி

ஆசிரியருக்கு,

விக்டோரியா கால இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, சமூகச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக்கின் 1842 சுகாதார அறிக்கையைக் காட்டி, மான்செஸ்டர் தொழிலாளியின் ஆயுள் 17 ஆண்டுகள் என்கிறது. அது ஆயுள் அல்ல. தொழிலாளர் குடும்பங்களில் இறந்தவர்களின் சராசரி வயது. அக்குடும்பங்களின் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குள் மடிந்ததே கணக்கை இவ்வளவு தாழ்த்தியது. நெஞ்சைப் பிசையும் இந்த உண்மையைத்தான் 'ஆயுள்' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

இப்படிக் குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர்கள் பிறப்பால் மட்டும் பெருகியிருக்க முடியாது. 1801இல் சுமார் 13,000 பேர் வாழ்ந்த வட இங்கிலாந்து நகரமான பிராட்ஃபோர்டு, கம்பளி ஆலைகளை நாடி யார்க்‌ஷயர் கிராமங்களிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்களால் 1851இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பிறந்த ஊரின் பெயரை முதன்முதலில் கேட்டது அந்த 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். அதன் ஏடுகளைப் புரட்டிப் பழகியவர்களுக்கு இது கண்கூடு: தாய் தந்தைக்கு ஏதோ ஒரு கிராமம், மூத்த பிள்ளைக்கு இன்னோர் ஊர், கடைக்குட்டிக்கு மட்டும் பிராட்ஃபோர்டு. தொடரின் அடுத்த பகுதியில் மக்கள்தொகைப் பட்டியலோடு, பிறந்த இட விவரத்தையும் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதத்தையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

- வரலாற்று ஆசிரியர், மதுரை