அம்மிச்சி வீட்டு கேஸும் உன் கடல் சேறும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே கோபியில் இரண்டு நாளாக மழை. நீ ஜெர்மனியின் கீல் நகரத்திலிருந்து அனுப்பிய வீடியோவை நானும் அம்மாவும் நாலைந்து தடவை பார்த்துவிட்டோம். எக்கர்ன்ஃபோர்ட விரிகுடாவில் குழாய் இறக்கி எடுத்த கறுப்புச் சேறு, மேலே வந்ததும் புளித்த மாவு மாதிரி ஓட்டை ஓட்டையாக உப்பியதே! "நாத்தம் குடலைப் புடுங்குமே, இவ பாட்டுக்கு நிக்கிறா" என்றாள் அம்மா.

எனக்கு அம்மிச்சி வீட்டு கோபர் கேஸ் ஞாபகம் வந்தது. ராத்திரியெல்லாம் கேஸ் சேர்ந்து, விடியும்போது இரும்பு டிரம் மேலே ஏறி நிற்கும். நீ அதன்மேல் உட்கார அடம்பிடிப்பாய். அங்கே சாணி, உன் கடலில் செத்து விழுந்த பாசி, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன்.

இல்லை என்று நீ போனில் சொன்னது மெதுவாகத்தான் மண்டையில் ஏறியது. கடல்நீரின் உப்பில் ஒன்றான சல்ஃபேட் சேற்றுக்குள் இறங்கும் ஆழம் வரை, அதை வைத்துப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் இரையில் முந்திக்கொள்கின்றன. அம்மிச்சி அடுப்பில் எரிந்த அதே மீத்தேன் வாயு அதற்குக் கீழேதான் உண்டாகிறது. அது மேலேறும்போதும், இரண்டு வகை உயிர்கள் கூட்டுச் சேர்ந்து, ஆக்சிஜனே இல்லாமல் பெரும்பகுதியைத் தின்று தீர்க்கின்றன. அழுகிய முட்டை நாற்றம் சல்ஃபேட் செலவானதன் மிச்சம். அதாவது டிரம்முக்கு மூடி இரும்பு, உன் சேற்றுக்கு மூடி உப்பு! உன் விரிகுடா இருக்கிற பால்டிக் கடலில் உப்பு குறைவு, விழுகிற பாசியோ அதிகம். மூடி மெலிசு. குமிழாகக் கிளம்பிவிட்டால் தின்ன நேரமும் கிடையாது. தண்ணீர் ஆழமே முப்பது மீட்டருக்குள்தான், சட்டென்று மேலே வந்துவிடும்.

கடல் சூடேறி, அடியில் இருக்கும் மீத்தேன் மொத்தமும் வெடித்துக் கிளம்பும் என்று வாட்ஸ்அப்பில் வந்த 'ஆர்க்டிக் மீத்தேன் குண்டு' சங்கதியைப் பார்த்து ஒரு ராத்திரி நான் தூங்கவில்லை. ஆர்க்டிக்கில் உள்ள ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே 2008-இல் பார்த்த 250-க்கும் மேற்பட்ட குமிழ்த் தூண்களுக்குச் சூடேறும் கடலே காரணம் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். 2018-இல் வந்த ஆய்வு வேறு சொன்னது: பனியுகப் பனிச்சுமை இறங்கியதும் கடலடி நிமிர்ந்து, அழுத்தம் குறைந்து, அங்கே உறைந்து கிடந்த மீத்தேன் கிளம்பியிருக்கிறது. பாரம் இறக்கிய வண்டி எழும்புகிற மாதிரி. சரி, கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் உன் விரிகுடா அப்படியில்லையே. தண்ணீர் சூடானால் சேற்றில் வேலை வேகமாகும் என்கிறாய். விரிகுடா வாயிலில் போக்னிஸ் எக் என்ற இடத்தில் மாதாமாதம் தண்ணீர் எடுப்பது சலிப்பு என்று குறைப்பட்டாய். 1957-லிருந்து எடுக்கிறார்களாம், அப்போது நானே பிறக்கவில்லை. எடு, பாப்பா.

அம்மிச்சியின் டிரம் துருப்பிடித்து, போன மாதம் பழைய இரும்புக்குப் போய்விட்டது. கேஸ் குழாயின் பித்தளைத் திருகை மட்டும் உனக்காகக் கழற்றி வைத்திருக்கிறேன்.

அப்பா