பழைய ஜீப்புக்கும் ஒரு விதி எழுதுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். 50 ஆண்டைக் கடந்தும் அசல் வடிவம் மாறாத வாகனங்களுக்கு 2021இல் தனிப் பதிவு முறை கொண்டுவந்தீர்கள். படுக்கையும் சமையலறையும் கொண்ட கேரவன் வண்டிகளுக்கும் தரநிலை இருக்கிறது. இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கின்றன எங்கள் வண்டிகள்: 30, 35 ஆண்டு ஓடிய மஹிந்திரா எம்.எம். 540, மாருதி ஜிப்சி போன்ற ஜீப்புகள். இவற்றைச் செப்பனிட்டு, கூடாரமும் அடுப்பும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு மலையூர்களுக்குப் போகிறவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறோம். எங்களுக்கான விதியைத்தான் கேட்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதையே உறுதி செய்தது. நியாயம்தான். இஷ்டத்துக்குச் சேஸை, அதாவது அடிச்சட்டகத்தை, வெட்டி ஒட்டிய வண்டி சாலையில் வரக் கூடாது.

ஆனால் பிரேக்கைப் பாருங்கள். பழைய ஜீப்புகள் பலவற்றில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுழலும் உருளையின் உள்ளே உரசி நிறுத்துவது. சிலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே குழாய்ச் சுற்றில்தான் ஓடும். சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் ஒன்று கசிந்தால் போதும், பெடல் தரையைத் தொடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு இறங்கும்போது டிரம் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறையும். ஆயிலை மாற்றாமல் விட்டிருந்தால் அது ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அந்தச் சூட்டில் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சுபோல் அமுங்கும். கியரைக் குறைத்து இறங்கத் தெரிந்தவர்கள் தப்பிக்கிறார்கள். எல்லோருக்கும் அது தெரியாது.

இதற்கு மாற்று இருக்கிறது. ஒரு சுற்று கசிந்தாலும் மற்றது பிடிக்கும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், மூன்று முனை சீட் பெல்ட். நல்ல பட்டறைகளில் இவற்றைப் பொருத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பொருத்தலாமா என்று கேட்டால்தான் ஊருக்கு ஒரு பதில் வருகிறது. ஒரு மோட்டார் வாகன ஆய்வாளர் பாராட்டுகிறார், இன்னொருவர் கழற்றிவிட்டு வரச் சொல்கிறார். பயந்துபோய்ப் பழைய பிரேக்கோடே மலையேறுகிறவர்களை எனக்குத் தெரியும். உயிரைக் காக்கும் வேலைக்குத் தயங்க வைக்கும் நிலை எனக்குக் கோபத்தையே தருகிறது.

2019இல் வந்த சட்டத் திருத்தம், வாகன மாற்றங்களுக்கான விவரக்குறிப்புகளையும் நிபந்தனைகளையும் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட் மாற்றங்களை முதலில் பட்டியலிடுங்கள். அடுத்து, கூரைமேல் சுமை வைக்கும் இரும்புச் சட்டகத்தில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று எழுதுங்கள். அகலம் குறைந்த, உயரமான வண்டி இது. தலைப்பாரம் கூடினால் வளைவில் கவிழும். அதைத் தெரிந்துகொள்ளாமலே தண்ணீர்த் தொட்டியையும் கூரையில் ஏற்றுகிறார்கள். இரண்டாவது பேட்டரி வைப்பவர்கள் ஃபியூஸ் பொருத்தியாக வேண்டும் என்பதையும் சேருங்கள். எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளுக்கும், 2017இல் நீங்களே தடுத்த முன்பக்க இரும்புத் தடுப்புகளுக்கும் சலுகை வேண்டாம்.

20 ஆண்டைத் தாண்டிய இலகு ரக வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்க 2025 முதல் 10,000 ரூபாய் வாங்குகிறீர்கள். வாங்குங்கள். அந்தப் பணத்துக்கு ஈடாக வண்டியின் அடியில் விளக்கடித்துப் பார்க்கும் ஆய்வைத் தாருங்கள். பெயின்டையும் ஸ்டிக்கரையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது ஆய்வு ஆகாது. சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் கமான் பட்டையில் விரிசல் இருக்கிறதா, சேஸில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது, பிரேக் குழாயில் கசிவு உண்டா என்று பார்க்கட்டும். தேறாத வண்டியைத் திருப்பி அனுப்பட்டும். என் வண்டியாக இருந்தாலும் சரி.

வரைவு தயாராகும்போது, இந்த ஜீப்புகளின் கியர் பாக்ஸைப் பல முறை இறக்கி ஏற்றிய பட்டறைக்காரர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்த நட்டு எங்கே தளரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
பழைய ஜீப் உரிமையாளர் ஒருவர்